கச்சத்தீவுக் கடிதங்கள் குறித்து நமது சங்கத்தின் நிலைப்பாடு

2026 சட்டமன்றத் தேர்தல் நெருங்க நெருங்க, கச்சத்தீவு மீட்புக் கோரிக்கைக்கு ஆதரவுக் கடிதம் கேட்டு நமது நாட்டுப்படகு மீனவர் சங்கத்தைத் தேடி ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். கடிதத்தை அவர்களே எழுதிக்கொண்டு வருகிறார்கள். கையெழுத்தும் முத்திரையும் மட்டும் நம்முடையதாக இருந்தால் போதுமாம். போட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று சில கிளைகள் கேட்டன. கூடவே கூடாது என்று சில கிளைகள் நின்றன. செயற்குழு இரு தரப்பையும் கேட்டபின், பெரும்பான்மை முடிவாக இந்த அறிக்கையை வெளியிடுகிறது.

தேர்தல் முடியும்வரை எந்தக் கட்சியின் கச்சத்தீவுக் கடிதத்திலும் சங்கம் கையெழுத்திடாது. இதனால் தீவு மீதான உரிமைக் கேள்வியைச் சங்கம் கைவிட்டுவிட்டதாக யாரும் பொருள் கொள்ள வேண்டாம். தீவு இலங்கைக்குச் சொந்தம் என்று ஏற்ற 1974 ஒப்பந்தம் நம்மைக் கேட்காமல் போடப்பட்டது என்ற பழைய நிலைப்பாடு அப்படியே நீடிக்கிறது. (இந்த வரியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் வலியுறுத்தினார்கள், சேர்த்திருக்கிறோம்.)

ஒப்பந்தங்களின் கதை நம் கரையில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் முழுவதையும் எழுதவில்லை. 1974-இல் போட்ட ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணம் இல்லாமல் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்றது. 1976 மார்ச்சில் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றன. அது நெருக்கடி நிலைக் காலம். அந்த ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதியே தமிழ்நாட்டு அரசைக் கலைத்துவிட்டார்கள். கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு ஒன்று சென்னையில் இல்லாத நேரத்தில் நம் தொழில் உரிமை கைமாறியது. மக்கள் கருத்து என்ற ஒன்றைக் கணக்கிலேயே எடுக்காமல் வெளியுறவுக் கொள்கை வகுத்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கரை அரை நூற்றாண்டாக அனுபவித்து வருகிறது.

அதனால் மக்கள் கருத்து வேண்டும் என்று சொல்வதில் நமக்குத் தயக்கமே இல்லை. ஆனால் எந்தக் கருத்து டெல்லியை அசைக்கிறது, எது அசைக்காது என்பதை உறுப்பினர்கள் கண்திறந்து பார்க்க வேண்டும். 2009 மே மாதம் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தில், இந்தியா இலங்கை அரசின் பக்கம் நின்றது. 2012-இலும் 2013-இலும் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களை ஆதரித்து வாக்களித்தது. 2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்களின் உண்ணாவிரதத்தில் தொடங்கிய போராட்டம் மாநிலம் முழுவதும் பரவியது, தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து விலகியது. அந்த நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்குப் பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை. இதையெல்லாம் பார்த்தவர்கள், தமிழ்நாடு குரல் கொடுத்தால் டெல்லி கேட்கும் என்று நம்பினார்கள். மறு ஆண்டே, 2014 மார்ச்சில், அதே மத்திய அரசு ஜெனீவாவில் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. 2021-இல் நம் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டே வாரம் இருக்கும்போதும் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. இந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டு மக்களின் மனம் மாறிவிடவில்லை. டெல்லியில் ஆட்சியைத் தாங்கிப் பிடிக்கத் தேவைப்பட்ட கைகள் மாறியிருந்தன.

குறிப்பான கோரிக்கை பலித்ததும் உண்டு. 2014 அக்டோபர் 30 அன்று போதைப்பொருள் வழக்கில் நம் மீனவர் ஐந்து பேருக்கு இலங்கையில் தூக்குத் தண்டனை விதித்தார்கள். தங்கச்சிமடம் கொந்தளித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பிரதமர் மோடி அதிபர் ராஜபக்சவிடம் பேசினார், நவம்பரிலேயே ஐவரும் மன்னிக்கப்பட்டு வீடு வந்தார்கள். அப்போது நாம் கேட்டது ஐந்து உயிர்கள். யார் யாரிடம் பேச வேண்டும், என்ன பேச வேண்டும் என்பதில் குழப்பமே இருக்கவில்லை.

கச்சத்தீவு விஷயத்தில் நடந்திருப்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1991-இல் ஜெயலலிதா அரசின் தீர்மானம். 2008-இல் அவர் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 2013-இல் கருணாநிதி தொடுத்த வழக்கு. தீவைத் திரும்பப் பெறப் போருக்குத்தான் போக வேண்டும் என்ற பொருளில் 2014-இல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் அதே நீதிமன்றத்தில் பேசினார். 2024 பிப்ரவரியில், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவர்களுக்கு இலங்கையில் சிறைத் தண்டனை கொடுத்ததைக் கண்டித்து, ராமேஸ்வரம் மீனவர்கள் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே புறக்கணித்தார்கள். படகுகள் போகாமல் கிடந்த அந்தத் தீவு, மறு மாதம் மக்களவைத் தேர்தல் மேடையில் ஏறியது. பிரதமர் பேசினார். 20 ஆண்டுகளில் 6,184 மீனவர்கள் கைது, 1,175 படகுகள் பறிமுதல் என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கணக்கு வாசித்தார். எந்த நிலப்பரப்பையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று 2015-இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் தந்ததும் அதே அமைச்சகம்தான். அந்த ஆண்டு வெளியுறவுச் செயலாளர் பொறுப்புக்கு வந்தவர் அவர். எந்தப் பதில் சரி என்று கேட்டால் நம்மைத் தேசவிரோதி என்பார்களோ? தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றுகூட பா.ஜ.க.வுக்குக் கிடைக்கவில்லை. வாக்கு எண்ணி முடிந்ததும் பேச்சும் அடங்கியது. கைது அடங்கவில்லை. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 500-க்கு மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது.

2025 ஏப்ரல் 2 அன்று, பிரதமர் கொழும்புக்குப் புறப்படுவதற்கு முன்பு, முதலமைச்சர் ஸ்டாலின் கொண்டுவந்த மீட்புத் தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. ஆகஸ்டில் மதுரை மாநாட்டில் நடிகர் விஜய் அதே கோரிக்கையை வைத்தார். பதினொரு நாள் கழித்து, செப்டம்பர் 1-ஆம் தேதி, இலங்கை அதிபர் அனுர குமார திசாநாயக்க கச்சத்தீவிலேயே வந்து இறங்கினார். இங்கே கைதட்டலுக்குப் பேசினால் அங்கே கைதட்டலுக்குப் படகேறுகிறார்கள். இரண்டு கைதட்டலுக்கும் நடுவில் வலை போடுவது நாம்.

இனி, செயற்குழுவில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட விஷயம். இதை எழுத வேண்டாம், தேர்தல் நேரத்தில் மீனவர் ஒற்றுமை கெடும் என்று சிலர் சொன்னார்கள். எழுதாமல் விட்டால் இந்த அறிக்கைக்கே அர்த்தமில்லை என்று பெரும்பாலோர் சொன்னார்கள். விஷயம், விசைப்படகுகள் கடல் தரையோடு இழுக்கும் இழுவைமடி.

வடகடலில் நம் வலையை அறுப்பது யார் என்று நண்டு வலை போடுகிற எந்த உறுப்பினரையும் கேட்டுப் பாருங்கள். திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று பிரித்து வைத்ததே நம் வலைக்கும் அவர்கள் மடிக்கும் நடந்த சண்டைகளால்தான். இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி தடைசெய்யப்பட்டது. ஆனாலும் இழுக்கிறார்கள். 1983-ஆம் ஆண்டுச் சட்டம் விசைப்படகை விலக்கி வைத்த கரைக்கடலுக்குள் வந்தும் இழுக்கிறார்கள். தரையைச் சுரண்டி, தாழையைப் பிடுங்கி, குஞ்சும் சினையும் ஒன்றாக அள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து, பாதியைக் கோழித் தீவனத்துக்குச் சங்காயமாகக் கொட்டுகிறார்கள். நம் பக்கத்துத் தரை தேய்ந்துபோனதால்தான் இறால் தேடி இலங்கைக் கரையின் நெடுந்தீவுக்கும் மாதகலுக்கும் ராத்திரியில் ஓட வேண்டியிருக்கிறது. டீசலுக்கும் ஐசுக்கும் போட்ட காசை எடுக்க அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்று விசைப்படகுக்காரர்களே சொல்கிறார்கள். பிடிபடும்போது சிறைக்குப் போவது கூலிக்குப் போன பையன். படகு முதலாளி கரையில் இருக்கிறார்.

அந்தக் கரையில் இருப்பவர்கள் யார்? முப்பது ஆண்டுப் போரில் கடலுக்குப் போகவே அனுமதியில்லாமல் கிடந்து, 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கியவர்கள். நம் மொழி பேசுகிறவர்கள், நம்மோடு கொள்வினை கொடுப்பினை வைத்திருந்தவர்கள். அவர்கள் வலை ஒரே ராத்திரியில் போகிறது. 2017-இல் இழுவைமடியை இலங்கை நாடாளுமன்றம் தடைசெய்தபோது, அந்த மசோதாவுக்கு வழி போட்டவர் யாழ்ப்பாணத்துத் தமிழ் உறுப்பினர் சுமந்திரன். இதை நம் மேடைகளில் யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? சொல்ல மாட்டார்கள். ‘தமிழக மீனவன் எதிர் சிங்களக் கடற்படை’ என்று கதையைக் கட்டி முடித்துவிட்டார்கள். அந்தக் கதைக்குள் வடக்கு மீனவனுக்கு இடமில்லை, நாட்டுப்படகுக்காரனுக்கும் இடமில்லை. கதைக்கு மாறாக ஒரு வரி பேசினால் ஓட்டு போய்விடும் என்று எல்லாத் தலைவர்களும் அஞ்சுகிறார்கள். 2010-இலும் 2014-இலும் இரு கரை மீனவர்கள் உட்கார்ந்து பேசியபோது இழுவைமடியை நிறுத்துவதுதான் பேச்சின் நடுவே இருந்தது. கரையில் எட்டிய புரிதலைத் தேர்தல் மேடை தூக்கிச் சுமக்கவில்லை. 2017-இல், 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற 1,600 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். அது இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று சட்டமன்றத்தில் ஒருமனதாக ஒரு தீர்மானம் போடுவார்களா?

கொழும்புக்கு இது எவ்வளவு வசதி என்பதையும் யோசியுங்கள். வடக்குத் தமிழர் நிலத்தைக் கேட்டால் காது கேட்காத அரசு, காணாமல் போனவர்களைக் கேட்டால் கோப்பைத் தேடும் அரசு, இழுவைப் படகைப் பிடிக்கும்போது மட்டும் தமிழ் மீனவனின் காவலனாகிவிடுகிறது. 2024 நவம்பர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்திலேயே தெற்கத்திக் கட்சி முதலிடம் பிடித்த பிறகு, அந்த வேடத்தைக் கலைக்க எந்த அதிபரும் முன்வர மாட்டார். அந்த வாய்ப்பை நம் மடிதான் அவர்களுக்குக் கொடுத்தது.

இவ்வளவும் சொன்னதால் இலங்கைக் கடற்படைக்கு நற்சான்று கொடுத்ததாக ஒருவரும் படிக்க வேண்டாம். எல்லை தாண்டியதற்குத் தண்டனை துப்பாக்கிக் குண்டு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் கழுத்தில் குண்டு பாய்ந்து செத்தார். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன நான்கு பேர் நெடுந்தீவுக் கடலில் செத்தார்கள். அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த ஈழ அகதி. 2024 ஆகஸ்டில் படகு மோதி இன்னொருவர். அதற்கு முந்திய ஜூனில் நம் படகைப் பிடிக்க வந்த அவர்கள் மாலுமி ஒருவரும் செத்தார், அதையும் பதிவு செய்கிறோம். இந்தச் சாவுகளுக்கு யார் பொறுப்பு என்று இன்றுவரை பதில் இல்லை. சுதந்திரமான விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையில் சங்கம் ஒரு அங்குலம்கூட இறங்காது.

இழுவைமடி பற்றிய வாசகத்தில் செயற்குழு ஒத்துப்போக நேரமெடுத்தது. நம் உறுப்பினர் குடும்பங்களில் விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். ‘உடனடியாக’ என்று எழுத வேண்டும் என்றவர்களும் ‘படிப்படியாக’ என்று எழுத வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். கூலித் தொழிலாளருக்கு மாற்று வேலையும், படகை ஒப்படைக்கிறவருக்கு நியாயமான ஈடும் உறுதி செய்து, முன்கூட்டியே அறிவித்த கால வரம்புக்குள் பாக் விரிகுடாவில் இழுவைமடி முடிவுக்கு வர வேண்டும் என்பதே ஏற்கப்பட்ட வாசகம். கால வரம்பு எத்தனை ஆண்டு என்பதில் முடிவு எட்டவில்லை. மாற்றுக் கருத்து கூட்டக் குறிப்பில் பதிவாகியுள்ளது.

கடலைப் பற்றி டெல்லியும் கொழும்பும் எது பேசினாலும், இரு கரை சிறுதொழில் மீனவர்களும் அந்த மேசையில் இருக்க வேண்டும். பிடித்து வைத்துள்ள நாட்டுப்படகுகளையாவது முதலில் விடுவிக்க வேண்டும். அந்தோணியார் திருவிழாவுக்கு நாட்டுப்படகில் போகும் பழைய வழக்கத்தைத் தடையின்றி விட வேண்டும். டீசல் மானியம், மீன்பிடி அனுமதி டோக்கன் பிரச்சினைகள் பற்றித் தனியே கடிதம் அனுப்பப்படும்.

நம் கிளைகளின் எல்லைக்குள் வரும் எந்த வேட்பாளரையும் சங்கம் வரவேற்கும், பேசவும் செய்யும். அவர்களிடம் கேட்பதற்குக் கிளைகளுக்குச் சில கேள்விகள் தருகிறோம். 2017 ஆழ்கடல் திட்டம் ஏன் படுத்தது? உங்கள் கட்சி ஆட்சியில் இருந்த ஆண்டுகளில் எத்தனை இரட்டைமடிப் படகுகளின் டோக்கன் ரத்தானது? வடக்கு மீனவர் சங்கங்களோடு பேச உங்கள் தலைவர் தயாரா, அதை இந்தக் கரையில் நின்று மைக்கில் சொல்வாரா? பதிலை எழுதி வாங்கிச் சங்க அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அதுவரை கிளைத் தலைவர்களோ செயலாளர்களோ சங்கத்தின் முத்திரையை எந்தக் கட்சியின் கடிதத்திலும் வைக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்துக் கொடுத்த கிளைகள் இருந்தால், அந்தக் கடிதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெற்று, நகலைச் செயற்குழுவுக்கு அனுப்பவும்.