கடையில் வாங்கும் கப்பல் கற்றுத் தராது!

சரித்திரப் பாடம் என்றாலே இன்று பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். 1492 கொலம்பஸ், 1498 வாஸ்கோடகாமா, 1519 மெகல்லன் என்று ராகம் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் எல்லாம் காற்றோடு போச்சு.

போதாக்குறைக்கு இப்போது 'ப்ராஜெக்ட்' வேறு. எங்கள் தெருவில் ஏழாவது படிக்கும் பையனுக்குப் பள்ளியில் 'கடல் பயணங்கள்' என்று தலைப்பு கொடுத்தார்கள். அவன் அப்பா ஸ்டேஷனரி கடையில் ரெடிமேடாகத் தெர்மாகோல் கப்பல் வாங்கி, பெயர் ஒட்டிக் கொடுத்து அனுப்பினார். முழு மார்க்கும் கிடைத்தது. "இந்தக் கப்பல் எங்கேயிருந்து எங்கே போச்சு தம்பி?" என்று கேட்டேன். "தெரியாது ஆன்ட்டி, கடைக்கார அண்ணன்தான் ஒட்டிக் கொடுத்தாரு" என்றான். பணம் கொடுத்து மார்க் வாங்கலாம், அறிவு வாங்க முடியுமா?

பிள்ளை தன் கையால் செய்து பார்த்தால்தான் பாடம் மனசில் நிற்கும் என்பது என் கருத்து. அதற்குப் பெரிய படிப்போ செலவோ வேண்டாம். நான் பத்தாவது வரைதான் படித்தவள். மகள் எட்டாவது, மகன் ஐந்தாவது. போன கோடை லீவில் வாஸ்கோடகாமாவின் பயணத்தை வைத்து வீட்டிலேயே நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் அஞ்சறைப்பெட்டியைத் தூக்கி நடுக்கூடத்தில் வைத்தேன். பக்கத்தில் ஒரு தக்காளி, ஒரு உருளைக்கிழங்கு. "இதில் வாஸ்கோடகாமா வருவதற்கு முன்னாடியே நம்ம நாட்டில் இருந்தது எது, பிறகு வந்தது எது, பிரிச்சு வையுங்க" என்றேன். மிளகு, சீரகம், மஞ்சள், கடுகெல்லாம் முன்பே இருந்தவை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பொருட்கள். கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகு ஐரோப்பியர் கப்பல்களில் உலகம் சுற்றி இங்கே வந்தவை. அதுவரை நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான். "அப்போ அந்தக் காலத்து ரசத்துல தக்காளியே கிடையாதாம்மா?" என்று மகள் வாயைப் பிளந்தாள். அந்த மிளகைத் தேடித்தான் அவர்கள் கப்பல் ஏறினார்கள் என்று சொன்னபோது இருவரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

அடுத்தது திசைகாட்டி. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தில் தையல் ஊசியை ஒரே பக்கமாக நாற்பது ஐம்பது தடவை தேய்த்தோம். சின்னத் தெர்மாகோல் துண்டில் படுக்க வைத்து, பிளாஸ்டிக் பேசின் தண்ணீரில் மிதக்க விட்டோம். எப்படித் திருப்பி விட்டாலும் ஆடி அசைந்து வடக்கு தெற்காகவே நின்றது. இரும்புத் தோசைக்கரண்டியைப் பக்கத்தில் கொண்டு போனால் தடுமாறியது. நட்சத்திரம் தெரியாத மேகமூட்ட இரவில் மாலுமிக்கு இதுதான் துணை. சீனர்கள் இதைப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கப்பலில் பயன்படுத்தினார்கள் என்பதையும் சொன்னேன். (ஊசி விஷயம் என்பதால் பெரியவர்கள் கூடவே இருக்க வேண்டும்.)

அதே பேசினில் காகிதக் கப்பல் விட்டோம். பனை விசிறியால் பின்னாலிருந்து வீசினால் ஓடுகிறது. எதிரே வீசினால் நகர மறுக்கிறது. பருவக்காற்றை விளக்க இதைவிட வேறென்ன வேண்டும்? 1497 ஜூலையில் லிஸ்பனில் கிளம்பிய வாஸ்கோடகாமாவுக்கு, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் மாலிந்தி என்ற ஊரில் காற்றின் காலம் அறிந்த ஒரு மாலுமி வழிகாட்டியாகக் கிடைத்தார். அங்கிருந்து நான்கு வாரத்துக்குள் கடலைக் கடந்து 1498 மே மாதம் கோழிக்கோடு வந்துவிட்டார்கள். திரும்பும்போது காற்று மாறும்வரை காத்திருக்காமல் புறப்பட்டதால், அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது.

"மூணு மாசம் கடலிலேயே இருக்கணும்னா நம்ம வீட்டிலிருந்து என்னென்ன எடுத்துப் போகலாம்?" என்று பட்டியல் போடச் சொன்னேன். ஃபிரிட்ஜ் கிடையாது என்பது நிபந்தனை. அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு நின்றன. காய், கீரை, பழமெல்லாம் தள்ளுபடி. அப்படிப் பழமும் காயும் இல்லாமல்தான் ஸ்கர்வி நோய் வந்து ஈறு வீங்கி மாலுமிகள் செத்தார்கள். வாஸ்கோடகாமாவுடன் கிளம்பியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பவில்லை. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், இந்த நோய் கண்ட 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்று கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். எலுமிச்சை ஜூஸ் என்றால் ஓடி ஒளியும் என் மகன் அன்று தானாகக் கேட்டு வாங்கிக் குடித்தான்.

கடைசியாக ஒரு விளையாட்டு. மகளை அறைக்குள் உட்கார வைத்து, மகனை உள்ளே போய் "இந்த அறையை நான்தான் கண்டுபிடிச்சேன், இனி இது என்னுது" என்று சொல்லச் சொன்னேன். "நான் இங்கேதானே இருக்கேன், நீ என்னத்தைக் கண்டுபிடிச்சே!" என்று அவள் சண்டைக்கு வந்துவிட்டாள். இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கொலம்பஸ் போவதற்கு முன்பே அந்தத் தீவுகளில் மக்கள் வாழ்ந்தார்கள். ஐரோப்பியர் வந்தபின் அடிமைத்தனமும் புது நோய்களும் அவர்களைச் சூறையாடின. வாஸ்கோடகாமா வரும் முன்பே கோழிக்கோடு அரபு வியாபாரிகள் நிறைந்த பெரிய துறைமுகம். அவர் கொடுத்த தொப்பியையும் கை கழுவும் கிண்ணங்களையும் பார்த்து சாமுத்திரி மன்னரின் ஆட்கள் சிரித்தார்கள். 1502-ல் மறுபடி வந்தபோது அவர் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்ரீகர் கப்பலைப் பெண்கள், குழந்தைகளோடு கொளுத்தினார்.

"சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். வயசுக்குத் தகுந்த மாதிரி சொல்லத்தான் வேண்டும். துணிச்சலை மட்டும் சொல்லிக் கொடுமையை மறைத்தால் அது பாதிச் சரித்திரம். வந்தவன் பக்கமும் இருந்தவன் பக்கமும் நின்று பார்க்கத் தெரிந்த பிள்ளை நாளைக்கு யாரையும் மட்டமாக நினைக்காது.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட் கொடுங்கள், ஆனால் வகுப்பிலேயே பிள்ளைகள் கையால் செய்ய வையுங்கள். அழகான தெர்மாகோல் கப்பலுக்குப் போடும் மார்க்கை, கோணல்மாணலாக இருந்தாலும் அவர்களே செய்த கப்பலுக்குப் போடுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. சோதனை செய்வது பையன், பாத்திரம் எடுத்துக் கொடுப்பது பெண் என்று பிரிக்காதீர்கள். "நமக்கென்ன தெரியும்" என்று ஒதுங்கவும் வேண்டாம். உலகத்தையே கப்பல் ஏற வைத்த மிளகு நம் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது! என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஓர் இல்லத்தரசி, திண்டுக்கல்.