ஒரே பலகையில் இரண்டு நாடு



நம் தங்கவயல் பிள்ளைகள் இன்று பெங்களூரிலும், வளைகுடா நாடுகளிலும், ஆஸ்திரேலியாவிலும், கனடாவிலும் பரவி வாழ்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பெற்றோர் சொல்லும் கதைகளில் ஒன்று, அங்கே 'சைனீஸ் – வியட்நாமீஸ்' என்று ஒரே பலகையில் எழுதி வைத்திருக்கும் சிறு ஓட்டல்களைப் பற்றியது. கல்லாவில் தாத்தா, அடுப்படியில் மகன், பரிமாறுவது மருமகள், மூலை மேஜையில் வீட்டுப்பாடம் எழுதும் பேத்தி. இரண்டு நாட்டுச் சமையலையும் கற்று வைத்திருக்கும் கெட்டிக்காரக் குடும்பம் என்று நாம் மெச்சுகிறோம்.

கெட்டிக்காரத்தனம் உண்மைதான். ஆனால் அந்தப் பலகை வியாபார யோசனையால் மட்டும் வந்ததல்ல. வியட்நாமின் சைகோன் நகரை ஒட்டி சோலோன் என்ற பகுதி இருக்கிறது. பெயருக்குப் 'பெரிய சந்தை' என்று பொருள். தலைமுறை தலைமுறையாகச் சீனர்கள் கடை வைத்திருந்த இடம். 1975 ஏப்ரல் 30-இல் சைகோன் வீழ்ந்தது. 1978-இல் தனியார் வணிகம் ஒழிக்கப்பட்டது. 1979-இல் சீனாவுக்கும் வியட்நாமுக்கும் போரே மூண்டது. வியட்நாமில் பிறந்து வளர்ந்த சீனர்கள் லட்சக்கணக்கில் படகேறினார்கள். கரை சேர்ந்தவர்கள் பாரிஸிலும், சிட்னியிலும், கலிபோர்னியாவிலும் கடை திறந்தபோது, முன்னோர் நாட்டின் பெயரையும் பிறந்த நாட்டின் பெயரையும் பலகையில் சேர்த்தே எழுதினார்கள். இரண்டும் அவர்களுடையவைதானே! நம் சங்கத்தின் பெயர்ப்பலகையில் தமிழும் கன்னடமும் இருப்பதைப் போல.

அந்தச் சைகோனில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை இளைய தலைமுறை அறிய வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அங்கே அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். செட்டியார்கள் லேவாதேவி நடத்தினார்கள். மாரியம்மனுக்குக் கட்டிய கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. வியட்நாமியரே வந்து கும்பிடுகிறார்கள். ஊர் திரும்பிய தமிழர்களில் பலர் வியட்நாமிய மனைவியோடு வந்தார்கள். அந்தப் பெண்களின் கைப்பக்குவத்தால் 'சாயோ' என்ற பலகாரம் புதுச்சேரி வீட்டுப் பண்டமாகிவிட்டது. மெல்லிய அரிசித் தாளில் கறியும் சேமியாவும் காளானும் வைத்துச் சுருட்டி, எண்ணெயில் பொரித்தெடுப்பது. சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் பர்மா அகதிகளான தமிழர்கள் போட்ட வண்டிகளில் விற்கும் 'அத்தோ' நூடுல்ஸும் இதே மாதிரி வந்ததுதான். ஆக, பிழைக்கப் போனவன் திரும்பும்போது சாப்பாட்டையும் சுமந்துதான் வருகிறான்.

இந்தியாவிலேயே இதற்குப் பெரிய உதாரணம் கல்கத்தா. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் டாங் அச்சியூ என்ற சீனர் பஜ்பஜ் அருகே நிலம் பெற்றுக் கரும்பு ஆலை வைத்தார். அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர்தான். பிறகு தச்சர்கள், செருப்புத் தைப்பவர்கள், தோல் பதனிடும் ஹக்கா சமூகத்தார் வந்தார்கள். தாங்ரா பகுதி முழுக்கத் தோல் பட்டறைகள். 1996 டிசம்பரில் அவற்றை ஊருக்கு வெளியே மாற்றும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பிறகு பட்டறைக் கட்டடங்கள் பல சாப்பாட்டுக் கடைகளாயின. நாம் 'சைனீஸ்' என்று சாப்பிடுவதன் ஊற்று அங்கேதான். கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங், 1975-இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு சோயா சாஸ் சேர்த்து உண்டாக்கியதுதான் சிக்கன் மஞ்சூரியன் என்று சொல்லப்படுகிறது. அதன் சைவத் தம்பியான கோபி மஞ்சூரியன் ராபர்ட்சன்பேட்டை தள்ளுவண்டி வரை வந்து சேர்ந்துவிட்டது. அதில் செயற்கைச் சாயம் கலக்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் கர்நாடக அரசு தடை போட வேண்டிய அளவுக்கு!

ரயில்வே வேலையாகக் கல்கத்தா போயிருந்த நாட்களில் தாங்ராவில் ஒரு குடும்ப ஓட்டலில் சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாள் நான் நேரம் தப்பிப் போய்ச் சேர்ந்தபோது மதியக் கூட்டம் கலைந்து, குடும்பத்தார் தங்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். வெறும் சோறு, வேகவைத்த கீரை, ஒரு துண்டு உப்பு மீன். சிவப்புக் குழம்பு ஒரு சொட்டு இல்லை. கீரையும் கருவாடும்! லைன் வீட்டில் என் அம்மா போட்ட சாப்பாட்டுக்கு அது அண்ணன் தம்பி முறை. விலைப்பட்டியலில் இருப்பது நமக்காகச் செய்தது. அவர்களுக்கானது பட்டியலில் இல்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

அந்தக் குடும்பங்களின் சரித்திரத்தில் பட்டியலில் இல்லாத இன்னொன்றும் உண்டு. 1962-இல் சீனாவோடு போர் வந்தபோது, அசாம், வங்காளம் முதலான இடங்களில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் மூவாயிரம் பேரைப் பிடித்து, ரயிலேற்றி, ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். பலர் இந்த மண்ணில் பிறந்தவர்கள். சீனாவைக் கண்ணால் கண்டதில்லை. கைக்குழந்தையும் கிழவியும் எந்த எல்லையில் போர் செய்தார்கள்? சிலர் வெளியே வர 1967 ஆயிற்று. வந்தவர்களுக்கு வீடில்லை, கடையில்லை. அசாமிய எழுத்தாளர் ரீட்டா சௌத்ரி 'மாகம்' என்ற நாவலில் இதை எழுதிய பிறகுதான் வெளியுலகில் பலருக்கு விஷயம் தெரிந்தது. ரயிலில் ஆயுசைக் கழித்தவன் என்பதால், அந்த வண்டிகளை ஓட்டியவர்களும் கொடி காட்டியவர்களும் என்னைப் போன்ற ஊழியர்கள்தானே என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வரும்.

இதை ஏன் சாப்பாட்டுக் கட்டுரையில் சொல்கிறேன்? 1991 டிசம்பரை மறந்துவிட்டோமா? காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் எரிந்தன. தண்ணீரைத் திறந்ததும் மூடியதும் அங்கே குடிசையில் இருந்த கட்டடத் தொழிலாளியா? தூரத்தில் இரண்டு அரசாங்கம் சண்டையிட, பக்கத்து வீட்டுக்காரன் அடிவாங்குவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். தெரிந்த நாமே, மூக்கும் கண்ணும் வேறு மாதிரி இருப்பவரைப் பார்த்து 'எந்த நாடு?' என்று கேட்கிறோம். மிசோரத்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் பெங்களூருக்கு வந்து பரிமாறும் பிள்ளைகளையும் அப்படியே கேட்கிறோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சைனீஸ் ஓட்டல் என்றாலே 'பாம்புக் கறி போடுவானோ' என்ற கேலி. ஒருவன் என்ன சாப்பிடுகிறான் என்பதை வைத்து அவனை அளந்து, வாசலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கத்தால் அடிபட்டவர்கள் நாம். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் லைன்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தக் கேலி நம் வாயிலிருந்து வரவே கூடாது.

குடும்ப ஓட்டல்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன, ஐயோ பாவம் என்று சிலர் வருந்துகிறார்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. குடும்ப ஓட்டலில் சாப்பாடு மலிவாக இருப்பதற்குக் காரணம், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம்பளம் இல்லை என்பதுதான். பாத்திரம் கழுவிய பையன் படித்து வேறு வேலைக்குப் போனால், அது அந்தக் குடும்பத்தின் தோல்வியல்ல. இத்தனை வருஷம் அடுப்பில் வெந்ததே அதற்காகத்தான். மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் பாறை உடைத்த நம் தகப்பன்மார், பிள்ளையும் அதே கூண்டில் இறங்க வேண்டும் என்றா நினைத்தார்கள்? தாங்ரா இளைஞர்கள் டொரோண்டோவுக்குப் போய்விட்டார்கள். அங்கே 'ஹக்கா சைனீஸ்' கடைகளில் நம் தமிழ்ப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். நம் ருசிக்காக அவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கக் கடமைப்பட்டவர்களல்ல.

ஆனால், விரும்பி மூடுவது வேறு, மூடும்படி ஆக்குவது வேறு. 2001 பிப்ரவரி 28-இல் நம் சுரங்கம் மூடப்பட்டது நம்மைக் கேட்டு அல்ல. அதன் பலனாக இன்றும் ஆயிரக்கணக்கானோர் விடிவதற்கு முன் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைப்புக்குப் போகிறார்கள். தேவ்லிக்குப் பின் கடையிழந்தவர்களும் கேட்டு மூடப்பட்டவர்களல்லர். இந்த வித்தியாசத்தை நாம் மறக்கக் கூடாது.

ஆகவே என் தாழ்மையான யோசனை இதுதான். நீங்கள் இருக்கும் ஊரில் இப்படி ஒரு குடும்ப ஓட்டல் இருந்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். 'எந்த நாடு' என்று ஆரம்பிக்காதீர்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, 'உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன சமைத்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் திருப்பி நம் வீட்டுச் சமையலைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கருவாட்டுக் குழம்பு என்று வெட்கப்படாமல் சொல்ல, முதலில் அதை நம் வீட்டில் வைத்துக் கொடுங்கள்.