ரெண்டு நெட், ஒரே கம்பம்

வீட்டில் இரண்டு இணைய இணைப்பு இருக்கிறது என்றால் கேட்பவர்கள் என்னை ஏதோ பண்ணையார் மாதிரி பார்க்கிறார்கள். மாதாமாதம் இரண்டு பில், இரண்டிலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒன்று பெரிய நிறுவனத்தின் ஃபைபர், இன்னொன்று எங்கள் ஏரியா கேபிள்காரருடையது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவனுக்கு நெட் போனால் அரைநாள் லீவு போனது போலத்தான். ஒன்று படுத்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற நப்பாசை.

முதல் நாளே வினை. இரண்டு மோடமும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு வந்து இறங்கின. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? கேபிள்காரர் மோடத்தை 192.168.2.1 என்று மாற்றுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அதன் பாஸ்வேர்டு தெரிந்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம்.

ஃபைபரைக் கம்பியிலும் மற்றதை வைஃபையிலும் கணினியோடு இணைத்தேன். இரண்டு வேகமும் கூடிக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் கிடையாது. விண்டோஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் மெட்ரிக் என்று ஓர் எண் போட்டு வைத்திருக்கிறது. எண் குறைந்தவருக்கே முதல் மரியாதை. என் கம்பிக்கு 25, வைஃபைக்கு அதற்கு மேல். ஆக, எல்லாமே ஃபைபர் வழியாகத்தான் போயிற்று. கேபிள்காரர் நெட் வாடகை கட்டிப் பூட்டி வைத்த வீடு.

சரி, ஃபைபர் செத்தாலாவது அந்தப் பக்கம் தாவ வேண்டாமா? என் கணினி தாவவில்லை. மோடம் வரைக்கும் கம்பி உயிரோடு இருக்கிறதே, அது போதுமாம் அதற்கு. ‘இணையம் இல்லை’ என்று மூலையில் அதுவே எழுதிக் காட்டுகிறது. காட்டிவிட்டு அதே வழியில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், “லாஸ் லைட் ரெட்டா எரியுதா சார்?” எரிகிறது. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்.” வீட்டில் இன்னொரு நெட்டும் இருப்பதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். “அதக் கழட்டிட்டுப் பாருங்க சார், அதான் பிரச்சனை.” கேபிள்காரரும் இதையேதான் சொல்கிறார், ஃபைபரைக் காட்டி.

கடைசியில் இரண்டு இணைப்பையும் வாங்கிக்கொள்ளும் ரவுட்டர் ஒன்றைத் தண்டம் அழுது வாங்கினேன். அது கெட்டிக்காரன்தான். வெளியே ஒரு முகவரியை அடிக்கடி தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் மற்ற வழிக்கு மாறிவிடும். மாறியதும் ஐபி முகவரியும் மாறுமே! வங்கிப் பக்கம் என்னை யாரோ அன்னியன் என்று எண்ணி, பணம் கட்டும் நேரத்தில் வெளியே தள்ளியது. ஆபீஸ் விபிஎன் அறுந்து, மறுபடி நுழைவதற்குள் மேனேஜர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

போன வாரம் வைக்கோல் லாரி ஒன்று எங்கள் தெருவில் புகுந்தது. இரண்டு மோடத்திலும் ஒரே நேரத்தில் சிவப்பு. ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு கேபிளும் ஒரே ஈபி கம்பத்திலிருந்து பின்னிக்கொண்டு தொங்குகின்றன. “வேற கம்பம் ஏது சார் இந்தத் தெருவுல?” என்றார் கேபிள்காரர்.

மனைவியின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். கணினி அப்போதும் அந்தச் செத்த கம்பியை விடுவதாக இல்லை. பிடுங்கி எறிந்த பிறகுதான் போன் பக்கம் திரும்பியது.