நகரின் நிழலும் நமது கடனும்

கொழும்பு மாநகருக்குப் புதிதாக வருவோர் முதலிற் கண்டு வியப்பது அதன் பசுமையையே. கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் வடபுலத்திலிருந்து இங்கு வந்தோர் நம்முட் பலர். கிணற்றுநீரை இறைத்து, பாத்தி கட்டி, ஒவ்வொரு கன்றையும் பிள்ளைபோற் பேணிய மண்ணிலிருந்து வந்த நமக்கு, மதில் வெடிப்பிலும் அரசங்கன்று தளிர்க்கும் இந்நகரம் புதுமையாகவே தோன்றியது. ஆண்டுகள் செல்ல அப்புதுமை மறைந்தது. பசுமை இந்நகரின் இயல்பு, அதனை எவரும் பேணவேண்டுவதில்லை என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் தவறென்பதே நமது கருத்து.

இயற்கை இந்நகருக்கு வாரி வழங்கியிருப்பது உண்மையே. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில், கடலோரத்தில் அமைந்த கொழும்பில் மாதச் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். ஆண்டு மழை ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர். யாழ்ப்பாணம் பெறுவதைப்போல் இருமடங்கு எனலாம். மே மாதத்திலே தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்றும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலே பருவங்களுக்கு இடைப்பட்ட இடிமழையும் மண்ணை நனைக்கின்றன.

ஆயினும், மழை மரத்தை வளர்க்குமேயன்றி வீதியோரத்தில் நிரையாக நட்டு வைப்பதில்லை. கறுவாத்தோட்டம் என்னும் பெயரே, அங்கு ஒருகாலத்தில் மனிதர் கறுவா பயிரிட்டதை உரைக்கின்றது. வீதிகளின்மேற் குடைவிரித்து நிற்கும் மழைமரமோ (சிங்கள மக்கள் இதனை மாரா என்பர்) நம் நாட்டுக்கு உரியதன்று. அது அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளைத் தாயகமாகக் கொண்டது. மாலையானதும் இலைகூம்பும் அம்மரத்தை யாரோ கொணர்ந்தனர், யாரோ நட்டனர், நிழலை நாம் துய்க்கின்றோம்.

அந்நிழல் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. ஆதலின் வியர்வை எளிதில் உலர்வதில்லை. 30 பாகை வெப்பமும் அதனினும் மிகுந்ததாக உடலை வருத்தும். தார்வீதியும் சீமெந்துச் சுவரும் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் வெளிவிடுகின்றன. மரமோ வெயிலைத் தடுப்பதோடு, இலைவழியே நீராவியை விடுத்துச் சூழலையும் குளிர்விக்கின்றது. நண்பகலிற் காலி வீதியில் பஸ்ஸுக்குக் காத்துநின்ற எவரும் இதனை அறிவர்.

இனி, மரத்தை அஞ்சுவோரின் நியாயத்தையும் நாம் கேட்கவேண்டும். 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலை, கொள்ளுப்பிட்டியிலே பஸ் ஒன்றின்மேற் பெருமரம் வீழ்ந்து ஐவர் உயிரிழந்தனர். அத்துயரத்தின்பின் மரங்களை வெட்டுக என்ற குரல் எழுந்தது இயல்பே. உளுத்த மரம் அகற்றப்படவேண்டும். ஒரு மனித உயிருக்கு எந்த மரமும் ஈடாகாது. ஆனால், வீதிமரங்கள் வலிவிழப்பது முதுமையால் மட்டுமன்று. குழாய் பதிக்க ஒருபுறத்து வேரை அறுக்கின்றோம். மின்கம்பிக்காக ஒருபுறத்துக் கிளையைத் தறிக்கின்றோம். அடிமரம்வரை சீமெந்து பூசி, வேருக்கு நீரும் காற்றும் புகாமற் செய்கின்றோம். இவ்வாறு நிலைகுலைந்த மரம் பெருமழையில் வீழும்போது, மரத்தையே குற்றவாளியாக்குதல் நீதியாகுமா?

மரங்களை ஆண்டுதோறும் அறிந்தோர் சோதித்தல் வேண்டும். அடியிற் சிறிதளவேனும் வெறுமண் விடல் வேண்டும். ஒன்றை வெட்டுமுன் அதற்கு ஈடாக வேறொன்றை நட்டிருத்தல் வேண்டும். இவை மாநகர நிருவாகத்தின் கடமைகள். நம் கடமையும் ஒன்றுண்டு. ஒவ்வொரு வகுப்பும் கல்லூரியை அடுத்துள்ள ஒரு மரத்தைத் தனதாக ஏற்று, ஆண்டுதோறும் அதன் சுற்றளவை அளந்து, நோயுண்டா, உளுப்புண்டா எனக் குறித்துவைக்கலாம். அக்குறிப்பு இம்மலரின் அடுத்தடுத்த இதழ்களில் வெளிவருமாயின், பரிசுபெற்றோர் பட்டியலுக்கு அது எவ்வாற்றானும் தாழ்ந்ததாகாது. பழைய மாணவராகிய நாம் விழா நினைவாகக் கன்று நடுவதோடு அமையாது, அதனைக் காக்கும் பொறுப்பையும் பெயர் குறித்து ஏற்றல் வேண்டும். படம் பிடித்தபின் மறக்கப்பட்ட கன்றுகள் நாட்டில் ஏராளம்.

மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான் என்பது நம் பழமொழி. இந்நகரில் மரம் வைத்தவர் மறைந்துவிட்டனர். தண்ணீரை வானம் வார்க்கின்றது. காவல் ஒன்றே எஞ்சியுள்ளது. அது நிழலில் நிற்கும் நம்முடைய கடன். இன்று நடும் கன்று, அடுத்த பெருவிழாவுக்கு வரும் மாணவருக்கு நிழல் தருவதாக.