ஒரு சீவலும் முழு உண்மையும்



கொல்லிமலைக்குச் செல்வோர் அடிவாரத்துக் காரவள்ளியில் சற்றே நின்று மேலே நோக்குங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது அம்மலைப் பாதை. கீழிருந்து பார்க்கும் கண்ணுக்கோ முன்நிற்கும் மரமும் பின்நிற்கும் பாறையும் ஒன்றாய்க் கலந்து ஒரே பசுந்திரையாகவே தோன்றும். வளைவு வளைவாய் ஏறியவருக்கே மலையின் ஆழம் விளங்கும்.

மைக்ராஸ்கோப் எனும் நுண்ணோக்கியில் பார்ப்போருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. வெங்காயத்தின் மெல்லிய தோல் தெளிவாய்த் தெரியும். தடித்த உயிர்ப்பொருளை வைத்தாலோ, மேலும் கீழும் உள்ள அடுக்குகளின் மங்கல் ஒளி கலந்து உருவத்தைக் குழப்பிவிடும்.

இதற்கு அறிஞர் கண்ட வழிகளுள் இரண்டைக் கேளுங்கள். ஒன்று, ஒளியையே கத்தியாக்குவது. தாள்போல் மெல்லிய ஒளியைப் பக்கவாட்டில் செலுத்தி, ஓர் அடுக்கை மட்டும் ஒளிரச் செய்து படமெடுப்பர். பின்னர் அடுத்த அடுக்கு. 2004-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகர ஆய்வாளர்கள் இம்முறையில் உயிருள்ள மீன் கருவின் உட்பகுதியைக் கண்டனர். ஒளி எளிதில் ஊடுருவாத மனித மூளைக்கு மற்றொரு வழி: மெய்யாகவே மெல்லியதாய்ச் சீவி, ஒவ்வொன்றையும் படமெடுத்து, கணினியில் மீண்டும் அடுக்குவது.

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் இதனைச் செய்துள்ளது. 14 முதல் 24 வாரம் வரை கருவில் வளர்ந்த 5 சிசுக்களின் மூளைகளிலிருந்து 5,132 சீவல்களைப் படமாக்கி, 500-க்கும் மேற்பட்ட பகுதிகளை அடையாளமிட்டு, ‘தரணி’ எனும் முப்பரிமாண வரைபடமாக 2024 டிசம்பரில் வெளியிட்டது. ஆய்வாளர் எவரும் அதனைக் கட்டணமின்றிக் காணலாம்.

அந்த 5 சிசுக்களும் இவ்வுலகைக் காணவில்லை. ஆயினும், எந்த வாரத்தில் எப்பகுதி எவ்வாறு அமைகிறது என்று அவை கற்பிக்கின்றன. அது தெரிந்தாலன்றோ, எங்கே குறை நேர்ந்தது என்று தேட இயலும்!

மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்ற தாயிடம், “கிரகணத்தில் வெளியே போனாயா? எதைத் தின்றாய்?” என்று நாக்கூசாமல் கேட்போர் நம் தெருக்களில் இன்றும் உள்ளனர். 5,132 சீவல்களைக் கண்ட அறிஞர்களே இன்னும் தேடிக்கொண்டிருக்க, ஒரு பார்வையில் தீர்ப்பளிக்க நாம் யார்? அத்தாயைக் கண்டால் கேள்வி கேட்காதீர்கள். பிள்ளையைச் சற்று நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.