தேவராஜா மார்க்கெட்டைச் செப்பனிடுங்கள்

விஜயதசமியன்று தங்க அம்பாரி சுமந்து வரும் யானை, மைசூரு அரண்மனையிலிருந்து புறப்பட்டு சயாஜி ராவ் சாலையில் திரும்பியதும் தேவராஜா மார்க்கெட்டை ஒட்டித்தான் நடக்கிறது. மல்லிகைச் சரம், நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம், குவித்து வைத்த குங்குமம், வெற்றிலைக் கவுளி என்று ஊருக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். அந்த மார்க்கெட்டையும், பக்கத்திலுள்ள லான்ஸ்டவுன் கட்டடத்தையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது அதிகாரிகளின் நெடுநாள் திட்டம். அதைக் கைவிட வேண்டும்.

இடிக்கச் சொல்பவர்களின் வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. வைஸ்ராய் லான்ஸ்டவுன் வருகையின் நினைவாக 1892-இல் எழுந்த கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் இடிந்து விழுந்து நான்கு பேர் உயிரிழந்தனர். நான்கு ஆண்டு கழித்து, அதே ஆகஸ்டில், செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மார்க்கெட்டின் வடக்கு வாயில் சரிந்தது. இடிப்பை எதிர்த்த பொதுநல வழக்குகளைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2023-இல் தள்ளுபடியும் செய்துவிட்டது. ஆனால் இடிக்கலாம் என்பது வேறு, இடித்தே தீர வேண்டும் என்பது வேறு.

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய சுவர் வயதானதால் மட்டும் விழுவதில்லை. தளம் ஒழுகுகிறது, மர உத்திரம் நனைந்து உளுத்துப்போகிறது, சுவரில் முளைத்த அரசங்கன்றை யாரும் பிடுங்குவதில்லை, மேலே சிமென்ட் பூசியதும் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் நின்றுவிடுகிறது. இத்தனையையும் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் பழியைக் கட்டடத்தின் மேல் போடுவது வசதியான வேலை.

‘மைசூரு அரண்மனையே மறுபடி கட்டியதுதானே?’ என்று கேட்கலாம். உண்மைதான். 1897-இல், இளவரசி ஜயலட்சம்மண்ணியின் திருமணத்தின்போது, பழைய மர அரண்மனை எரிந்துபோனது. சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகக் கட்டடங்களால் நமக்கு அறிமுகமான ஹென்றி இர்வின், இன்றுள்ள அரண்மனையை வடிவமைத்தார். 1912-இல் அது முடிந்தது. அவர் எரிந்த வீட்டுக்குப் பதில் கட்டினார். நின்றுகொண்டிருந்ததை இடித்துவிட்டு அதேபோல ஒன்றைக் கட்டவில்லை.

எரிந்ததை இழப்பது, எரிந்ததை மீட்பது என்ற இரண்டு பாடங்களையும் சென்னை படித்திருக்கிறது. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் இப்போது ரயில்வே வளாகம், மார்க்கெட்டுக்கு மிஞ்சியது பெயர்தான். லான்ஸ்டவுன் சரிந்த அதே 2012-இன் ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபின் கலச மகாலும் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார், கூரை போயிற்று. இடிப்பதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? இருந்தும் பொதுப்பணித்துறை அதைச் சுண்ணாம்புக் காரை கொண்டே மீட்டது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று நடப்பது அங்கேதான். இடிந்த ஒரு வாயிலையும் ஒரு பகுதியையும் மைசூருவால் சரிசெய்ய முடியாது என்றால் நம்புவது கடினம்.

வெளித்தோற்றம் மாறாமல் கான்கிரீட்டில் கட்டித் தருகிறோம் என்ற சமாதானமும் எடுபடாது. அது படப்பிடிப்புத் தளத்துக்குப் பொருந்தும்.

வியாபாரிகளின் அச்சம் நியாயமானது. பழுதான பகுதிகளுக்கு முதலில் முட்டுக் கொடுத்து, ஆட்களை வெளியேற்ற வேண்டும். பிறகு வரிசை வரிசையாக வேலை நடக்கட்டும்; அந்தந்த வரிசைக் கடைக்காரர்களுக்கு அருகிலேயே தற்காலிக இடம் கொடுக்கட்டும். வேலை முடிந்ததும் பழைய கடையே திரும்பக் கிடைக்கும் என்று மாநகராட்சி எழுத்தில் உறுதி தர வேண்டும். பணியைச் சாதாரண சாலை ஒப்பந்தக்காரரிடம் விடாமல், பழைய கட்டடங்களை மீட்டுப் பழகியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். கூரையையும் வடிகாலையும் ஆண்டுதோறும் மழைக்கு முன் பார்க்கத் தனி நிதியும், அதற்குப் பொறுப்பான ஒரு பொறியாளரும் மாநகராட்சி பட்ஜெட்டிலேயே இடம்பெற வேண்டும்.