இடுப்பெலும்பும் தலைவிதியும்

வீட்டில் கிழவி ஒருத்தி ஈரத்தில் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவர் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். ஒருவர் தைலம் காய்ச்சுகிறார். மற்றொருவர் புத்தூர்க் கட்டுப் போடுகிறவரிடம் போக வண்டி பேசுகிறார். நாலாவது ஆள், பெரும்பாலும் அவர்தான் வீட்டுக்கு எஜமானர், "வயது எழுபதாகிவிட்டது, இனி என்ன, விதி இவ்வளவுதான்" என்று திண்ணையில் உட்கார்ந்து வேதாந்தம் பேசுகிறார். கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. நகருக்குள் சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. 1823-லேயே பிரெஞ்சுக்காரன் வைத்தியப் பள்ளிக்கூடம் வைத்த ஊர் இந்தப் புதுச்சேரி. ஆனாலும் கிழவி பதினைந்து நாள் கட்டிலில் கிடந்து, முதுகில் புண் வந்து, நெஞ்சில் சளி கட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரியின் ஞாபகம் வருகிறது. அப்புறம் அவள் செத்துப்போனால், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், கொன்றுவிட்டார்கள்" என்று பழி டாக்டர் தலையில் விழுகிறது. ஜோசியனுக்கும் விதிக்கும் மாத்திரம் ஒரு கெட்ட பெயரும் கிடையாது!

முறிந்தது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டாமா? தொடையெலும்பின் மேல் நுனி ஒரு பந்து போலிருக்கிறது. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் உட்கார்ந்து சுழலுகிறது. பந்துக்கும் தொடையெலும்புக்கும் நடுவில் ஒரு கழுத்து. பந்துக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி இந்தக் கழுத்தை ஒட்டித்தான் போகிறது. வயதானவர்கள் விழும்போது அநேகமாக உடைவது கழுத்து, அல்லது அதற்குச் சற்றுக் கீழே. கழுத்து உடைந்து விலகினால் ரத்தம் நின்று, பந்து செத்துப்போகிறது. கழுத்தறுந்த தலைக்கு எண்ணெய் தேய்த்து முழுக்காட்டினால் உயிர் வருமா? சிறு பிள்ளையின் முன்கை எலும்பு லேசாக விண்டிருந்தால் கட்டுக்காரர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியதும் கூடிவிடலாம். கூட்டியது பிள்ளையின் உடம்பு; பெயர் கட்டுக்காரருக்கு. அது போகட்டும். இத்தனை சதைக்கு அடியில் இருக்கிற இடுப்பு மூட்டை எந்தக் கட்டு எட்டிப் பிடிக்கும்? இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகுவதுதான் மிச்சம்.

நிற்க, நம் புதுவை ராஜ்யத்துக்குள்ளேயே காரைக்கால் பக்கத்தில் திருநள்ளாறு இருக்கிறது. கால் போனவர்களுக்காகவும் அங்கே போய்த் தீர்த்தமாடி விளக்கேற்றி வருகிறார்கள். ஏழரைச் சனி காலைப் பிடித்ததாம். அந்தச் சனி பகவானுக்கே "முடவன்" என்று ஒரு பெயர் இருக்கிறது. அவன் நொண்டியென்று சொல்வது நாமல்ல, பக்தர்களின் புராணமே. தன் காலையே இத்தனை யுகமாகச் சரிப்படுத்திக்கொள்ள முடியாத ஒரு கிரகம் பாகூர்ப் பாட்டியின் காலைச் சரிப்படுத்தும் என்று நம்புகிறவர்களை நாம் என்னவென்று சொல்ல?

சரி, ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கும் "இன்று அஷ்டமி, நாளை செவ்வாய்" என்று ஆப்பரேஷனுக்கு நாள் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் இடுப்பு முறிந்த கிழவர்களுக்கு 36 மணி நேரத்துக்குள் ஆப்பரேஷன் முதலானவற்றைச் செய்து முடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் பணம் என்று 2010-ல் ஏற்பாடு செய்தார்கள். ஆறு மணி நேரத்துக்குள்ளேயே செய்தால் இன்னும் நல்லதா என்று இந்தியா உள்பட 17 தேசங்களில் சுமார் 3000 நோயாளிகளிடம் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். அவ்வளவு அவசரப்படுவதால் சாவு குறையவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதினார்கள். பிதற்றல் குறைந்தது, சீக்கிரம் எழுந்து நின்றார்கள் என்பதையும் எழுதினார்கள். அங்கே மணிக்கணக்கில் வாதம் நடக்கிறது. இங்கே ராகு காலம் பார்க்கிறோம்.

இனி, "இதெல்லாம் நம் வேதத்திலேயே இருக்கிறது" என்று சொல்லும் பண்டிதர்களிடம் வருவோம். ரிக் வேதத்தில் விஷ்பலா என்பவளுக்குக் கால் அறுந்து போக, அசுவினி தேவர்கள் இரும்புக் கால் கொடுத்தார்களாம். கொடுத்தார்கள் என்றே இருக்கட்டும். எப்படிப் பொருத்தினார்கள்? எத்தனை பேருக்குப் பொருத்தினார்கள்? எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது? விஷ்பலாவுக்குப் பிறகு நாட்டில் கால் போன ஏழைகளெல்லாம் தடியூன்றிப் பிச்சை எடுத்தார்களே, அப்போது அந்தத் தேவர்கள் எங்கே போயிருந்தார்கள்? இதற்குப் பதில் சொல்லாதவரை அது கதையே ஒழிய வைத்தியமாகாது.

நிஜமாகச் செய்தவர்களின் சரித்திரம் வேறு விதமாக இருக்கிறது. 1891-ல் ஜெர்மனியில் குளுக் என்ற டாக்டர் யானைத் தந்தத்தில் பந்து கடைந்து வைத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்பவர் எஃகுப் பந்தும் டெஃப்லான் என்ற வழுவழுப்பான பொருளில் கிண்ணமும் வைத்து முன்னூறு பேர் வரையில் ஆப்பரேஷன் செய்தார். முதலில் எல்லாரும் அற்புதம் என்றார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் கிண்ணம் தேய்ந்து, அந்தத் தூள் சதையைக் கெடுத்தது. நம் சாமியாராக இருந்தால் "உங்கள் பக்தி போதாது" என்று சொல்லியிருப்பார். சார்ன்லி அதே நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட்டு, தாம் வைத்ததைத் தாமே எடுத்தார். அந்தப் பொருளைத் தம் சொந்தத் தொடையிலேயே புதைத்துப் பரீட்சை பார்த்தார். பிறகு ஒரு வியாபாரி கொண்டுவந்த கெட்டியான பாலி எதிலீன் துண்டைச் சார்ன்லி உதவாது என்று தள்ள, அவருடைய பட்டறைத் தொழிலாளியான ஹாரி கிரேவன் அதை இயந்திரத்தில் போட்டுத் தேய்த்துக் காட்டினார். டெஃப்லான் ஒரு நாளில் தேய்ந்த அளவுகூட அது மூன்று வாரத்தில் தேயவில்லை. தொழிலாளி காட்டிய அத்தாட்சிக்குப் பெரிய டாக்டர் தலை வணங்கினார். 1962 நவம்பரில் அந்தப் புதுக் கிண்ணம் மனிதருக்கு வைக்கப்பட்டது. அதே வருஷம் ஆகஸ்டு 16-ல்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது என்பதை நம் ஊர்க்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொல்வதால் சாமி படத்தைக் கழற்றிவிட்டு டாக்டர் படத்தை மாட்டுங்கள் என்று சொல்வதாக யாரும் கருத வேண்டாம். கம்பெனிக்காரன் சொல்வதையும் பரீட்சை இல்லாமல் நம்பக்கூடாது. ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியின் கிளையான டெப்யூ, ஏ.எஸ்.ஆர். என்ற ஒரு மூட்டை விற்றது. பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம்; இளவயதினருக்கு நெடுநாள் உழைக்கும் என்று விளம்பரம். நடக்க நடக்க உலோகம் தேய்ந்து கோபால்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. மூட்டைச் சுற்றிய சதை கெட்டது. இதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் பெரும் பங்கு ஆஸ்திரேலியாவின் பதிவேட்டுக்கு உண்டு. அங்கே வைக்கப்படும் மூட்டுகளை 1999 முதல் கணக்கில் எழுதி வருகிறார்கள். எது சீக்கிரம் கெடுகிறது என்று கணக்கே சொல்லிவிடும். 2009 முடிவில் அந்நாட்டில் விற்பனை நின்றது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் சரக்கு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 பேர் இடுப்பில் அது ஏறிவிட்டது. அமெரிக்க நோயாளிகளின் வழக்குகளைத் தீர்க்க 2013-ல் சுமார் 250 கோடி டாலர் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. நம் தேசத்தில்? சுமார் 4700 ஆப்பரேஷன்கள் நடந்தன என்றும், அவர்களில் 1080 பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது என்றும் மத்திய சர்க்கார் நியமித்த நிபுணர் கமிட்டி சொன்னதாக 2018-ல் தெரிய வந்தது. மீதிப்பேர் யார், எங்கே நொண்டுகிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. கோயில் உண்டியலில் விழுந்த காசுக்குக் கணக்கு வைக்கத் தெரிந்த நாட்டில், மனிதன் இடுப்பில் வைத்த இரும்புக்குக் கணக்கில்லை!

விலை அதிகமானது உயர்ந்தது என்ற எண்ணமும் ஒருவித மூடநம்பிக்கைதான். கழுத்து முறிந்தவர்களுக்குப் பந்தை மட்டும் மாற்றுவதா, கிண்ணத்தையும் சேர்த்து மாற்றுவதா என்று பத்துத் தேசங்களில் 1495 பேரிடம் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்துச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். இரண்டு வருஷத்தில் மறு ஆப்பரேஷன் தேவைப்பட்டது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே சர்க்கார் ஆஸ்பத்திரியில் "பாதி மூட்டுத்தான் வைத்தார்கள்" என்று வருத்தப்பட்டு, நிலத்தை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முழங்கால் மூட்டு வியாபாரத்தின் லட்சணமும் தெரிந்ததுதான். 2017-ல் சர்க்கார் உச்ச விலை கட்டியபோது, சராசரி ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண மூட்டு 54,720 ரூபாய்க்கு வந்தது. மேல் கொண்ட பணமெல்லாம் யார் வீட்டுக்குப் போயிற்று?

நம் நாட்டில் மூட்டு வைத்தியர்கள் சங்கமொன்று பதிவேடு நடத்துகிறது. ஆனால் எழுதுவது அவரவர் இஷ்டம். இது போதாது. எந்த ஆஸ்பத்திரியானாலும் வைக்கிற மூட்டு ஒவ்வொன்றையும் எழுதியாக வேண்டும் என்று சட்டம் வரவேண்டும். அதுவரையில், ஆப்பரேஷன் செய்துகொள்ளுகிற தோழர்கள் மூட்டுப் பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டை, கம்பெனிப் பெயரும் எண்ணும் உள்ள அந்தச் சீட்டை, டிஸ்சார்ஜ் காகிதத்தோடு கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வலி இல்லாவிட்டாலும் டாக்டர் சொன்ன தேதியில் திரும்பப் போய்க் காட்டுங்கள். அடுத்த தடவை புதுவைச் சட்டசபைக்கு ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர் கும்பிடு போடும்போது, இந்தப் பதிவேட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள்.